கடையில் உள்ள எல்லாவற்றிலும் கொஞ்சம்

படிப்பிலும் பொறுமையிலும் என்னைவிட எப்போதும் ஒரு படி மேலே நிற்கும் மைத்துனர், புள்ளியியல் பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன், ஓய்வுபெற்ற எடை அளவு முத்திரை ஆய்வாளன், எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகள் இருவரும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனா போனது. எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள்தான் தேறுகிறேன். முப்பத்தொரு வருஷம் ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சரிபார்த்தவன், கடிதத்தில் மட்டும் எடையைக் கூட்டிக் காட்டக் கூடாதல்லவா. ஆகையால் நான் நலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியில் கொஞ்சம் முணுமுணுக்கிறது.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அத்தான், பதினோரு மாசமா இதையேதான் பேசிக்கிட்டிருக்கோம். உங்க ஓய்வூதியக் கணக்குப் பணத்தை ஆக்டிவ் ஃபண்டுல போடறதா, இண்டெக்ஸ் ஃபண்டுல போடறதா, ஏதாவது ஒண்ணுல டிக் அடிச்சுக் குடுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இனிமே போன்ல பேசிப் பிரயோஜனமில்ல. முடிவை எழுதி அனுப்பிடுங்க, அதோட இந்தப் பேச்சை முடிச்சுக்குவோம்" என்றீர்கள். உங்கள் கோபம் நியாயம். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்காவிட்டால் முப்பத்தொரு வருஷச் சேமிப்பும் வெறும் வைப்புக் கணக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும், விலைவாசி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்று நீங்கள் பதினேழு தடவை சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதை விட்டால் வேறு பணம் கிடையாது என்பதும் தெரியும். ஆனால் 'முடிச்சுக்குவோம்' என்றீர்களே, அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், நான் சோம்பேறித்தனத்தால் தாமதிக்கவில்லை, முறையாகச் சோதனை நடத்தினேன் என்பதை எழுத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஞாயிறுகளில் அரையும் குறையுமாகச் சொன்னதுதான். நீங்கள் எழுதி அனுப்பச் சொன்னதால் ஆதியிலிருந்து எழுதுகிறேன்.

இந்தப் படிவம் வந்த புதிதில் நீங்கள்தான் விளக்கினீர்கள். "அத்தான், பங்குச் சந்தைங்கறது ஒரு கடை, அங்க போறீங்கன்னு வெச்சுக்குங்க. ஆக்டிவ்னா, விவரம் தெரிஞ்ச மேனேஜர் ஒருத்தர் உங்களுக்காக நல்லதா பாத்துப் பொறுக்கி எடுப்பாரு. அதுக்கு வருஷா வருஷம் கூலி வாங்கிக்குவாரு. இண்டெக்ஸ்னா யாரும் பொறுக்கறதில்ல. கடையில எது எவ்வளவு இருக்கோ, அதே கணக்குல எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கறது. கூலின்னு பெருசா ஒண்ணுமில்ல" என்றீர்கள். வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் முத்திரை ஆய்வாளன். தராசு சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் முத்திரை குத்தியதில்லை. ஆகவே கடைக்கே போய் ஒரு மாதம் ஆக்டிவ், ஒரு மாதம் இண்டெக்ஸ் என்று வாழ்ந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் அதுவரை கடையில் கால் கிலோ சர்க்கரைகூட வாங்கியவன் அல்ல. நான் ஆய்வு செய்கிற எல்லைக்குள் நானே பொருள் வாங்கினால் பயந்துகொண்டு எடையைக் கூட்டிப் போடுவார்கள், அதுவும் லஞ்சம்தான் என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். கடைக்குப் போனதெல்லாம் உங்கள் அக்காதான். அவளும் என் பெயரைச் சொன்னதில்லை. "என் வீட்டுக்காரர் தபால் ஆபீஸ்ல இருக்கார்னு சொல்லி வெச்சிருக்கேன், நீங்க தப்பித் தவறி அந்தப் பக்கம் வந்துடாதீங்க" என்பாள். நானும் போகவில்லை. அவள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆன பிறகுதான் தெருமுனை மளிகைக் கடைக்குள் முதல் முறையாகப் பையோடு நுழைந்தேன். அதுவரை அலுவலக கேண்டீனும், ஓய்வுக்குப் பிறகு ரொட்டி வண்டியும்தான் என்னைக் காப்பாற்றி வந்தன.

அந்தக் கடைக்காரரின் தராசை ஏழு வருஷத்துக்கு முன்பு பறிமுதல் செய்தவன் நான்தான். என்னைப் பார்த்ததும் காதில் சொருகியிருந்த பென்சில் கீழே விழுந்தது. ஓடிப்போய் உரிமத்தை எடுத்துக்கொண்டு வந்து, "சார், போன மாசம்தான் முத்திரை போட்டாங்க சார்" என்றார். நான் வெங்காயம் வாங்க வந்தேன் என்றேன். "சரிங்க சார், வெங்காயத்தையும் செக் பண்ணிக்குங்க சார்" என்று மூட்டையை அவிழ்த்து என் காலடியில் கொட்டிவிட்டார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். மாறுவேடத்தில் வந்திருக்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஆக்டிவ் முறைப்படி நானே மேனேஜராக இருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, உறையில் போட்ட எடையைப் படித்து, என் பையிலிருந்த சின்னத் தராசில் நிறுத்து, தேதி பார்த்து, திருப்பி வைத்து, மறுபடி எடுத்துத் தேர்ந்தேன். மூன்று மணி நேரம் ஆனது. சோதனை நடக்கிறது என்று நினைத்து வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்கள். கடைசியில் அரை கிலோ வெங்காயம், அரை கிலோ உருளைக்கிழங்கு, ஒரு ரொட்டி. அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும் அதேதான். மாதக் கடைசியில் என் எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. தராசில் கோளாறு ஒன்றும் இல்லை, இரண்டு தராசில் ஏறிப் பார்த்தேன்.

இந்தத் தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. மேனேஜர் என்றால் எது நல்லது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தரம் பார்க்கத் தெரியும், எடை பார்க்கத் தெரியும், எனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் தட்டில் வந்ததைச் சாப்பிட்டேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடித்தது எது என்கிற விவரம் முழுவதும் உங்கள் அக்காவிடம் இருந்தது. அவள் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நம் வீட்டு ஃபண்ட் மேனேஜர் கூலி வாங்காமல் வேலை பார்த்தவள் என்பது அந்தக் கடையில், பீன்ஸுக்கும் காரட்டுக்கும் நடுவில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரர் பயந்துபோய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

அடுத்து இண்டெக்ஸ் மாதம். இதில் யோசனைக்கே இடமில்லை என்பதால் எனக்கு உற்சாகமாக இருந்தது. அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க மறந்த இரும்பு நாடாவை எடுத்துக்கொண்டு போய்க் கடையின் அலமாரிகளை எல்லாம் அளந்தேன். மொத்தம் நூற்று நாற்பது அடி. சோப்பு, ஷாம்பு வகைக்கு இருபத்தைந்து அடி, பிஸ்கட்டுக்கு இருபது, துணி துவைக்கும் பவுடருக்குப் பதினாறு, குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் டயபருக்கு எட்டு, நாய்த் தீனிக்கு ஆறு, பள்ளிக்கூடச் சாமான்களுக்கு ஐந்து, பெண்களின் அலங்காரச் சாமான்களுக்கு நாலு, இப்படி. மாதச் செலவுக்கென்று வைத்திருந்த பணத்தை அதே விகிதத்தில் பிரித்து, அந்தந்த வகையில் அந்தந்த அளவுக்கு வாங்கினேன். வீடு வந்து சேர்ந்து மேஜையில் பரப்பிப் பார்த்தால் ஒரு பெரிய குடும்பம் ஊரிலிருந்து வந்து இறங்கியது போல இருந்தது. டயபர் இரண்டு பொட்டலம், நாய் பிஸ்கட், ஜியோமெட்ரி பாக்ஸ், தலைமுடிக்குக் கறுப்புச் சாயம், உதட்டுச் சாயம் ஒன்று. சாப்பிடுவதற்கு என்று பார்த்தால் பிஸ்கட்டும் ஊறுகாயும்தான் அதிகம்.

வாங்கியதை வீணாக்க மனசு வரவில்லை. மேல் மாடியில் ஒரு தம்பதிக்குக் கைக்குழந்தை இருந்தது நினைவுக்கு வந்தது. டயபரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், அவ இப்ப ரெண்டாம் கிளாஸ் படிக்கறா" என்றாள். ஏழு வருஷம். என் தலைக்கு மேலேயே ஒரு குழந்தை தவழ்ந்து, நடந்து, ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. காலையில் போய் இரவு திரும்புகிறவனுக்கு உங்கள் அக்காதான் கட்டடத்துச் செய்தி எல்லாம் சொல்லுவாள். நான் பாதி கேட்பேன். திரும்பி வந்து ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். குழந்தை வாங்கிக்கொண்டு, "இது ஆறாம் கிளாஸுக்குத்தான் வேணும், வெச்சுக்கறேன்" என்றது. நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தாமல் என்ன செய்வார்கள். நாய் பிஸ்கட்டைக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் சந்தேகப்பட்டு, முதலில் என்னையே ஒன்று கடிக்கச் சொல்லிவிட்டுத்தான் நாய்க்குப் போட்டார். ருசி பரவாயில்லை. தலைச் சாயத்தை நானே பூசிக்கொண்டேன். அடுத்த நாள் கடைக்காரர் என்னைப் பார்த்து, "சார், இந்த வேஷமும் நல்லாத்தான் இருக்கு" என்றார். உதட்டுச் சாயத்தை மட்டும் யாருக்குக் கொடுத்தாலும் வம்பாகப் போகும். உங்கள் அக்காவின் கண்ணாடி மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவள் ஒரு நாளும் பூசியதில்லை. இருந்தாலும் அந்த மேஜையில் புதிதாக ஒரு பொருள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மாதத்தின் நடுவில் கடைக்காரர் இடத்தை மாற்றிவிட்டார். பிஸ்கட் அலமாரியைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் பெருக்குமாறுகளைக் கட்டுக் கட்டாக நிறுத்திவிட்டார். இண்டெக்ஸ் மாறினால் நம் கையிருப்பும் மாற வேண்டும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். பாதி பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வித்த சரக்கைத் திருப்பி எடுக்கறதில்ல சார். ஆனா நீங்க சொன்னா எடுத்துக்கறேன் சார்" என்றார். பதிலுக்கு ஆறு பெருக்குமாறு வாங்கிக்கொண்டு வந்தேன். இதை உங்களிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் அக்காவும் அப்படித்தான் சிரிப்பாள். முதலில் மூச்சு ஒரு இடத்தில் தடுக்கும், பிறகு நிற்காமல் வரும். அதே சிரிப்பு போனில் வருகிறது. நான் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த மாதமும் இண்டெக்ஸ் சோதனையை நீட்டித்ததற்குக் காரணம் கேட்டீர்களே, 'போதுமான தரவு இல்லை' என்று சொன்னேன். அது முழுக்கவும் சரியான எடை இல்லை.

ஆக்டிவ் தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அந்த ஃபண்ட் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞரை வீட்டுக்கு வரவழைத்தேன். டை கட்டி, மடிக்கணினி எடுத்துக்கொண்டு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அவர்களுடைய மேனேஜர் கெட்டிக்காரர் என்று வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். "போன அஞ்சு வருஷத்துல நாலு வருஷம் சந்தையைவிடக் குறைச்சுத்தானே எடுத்திருக்காரு?" என்று கேட்டேன். "அது ஷார்ட் டெர்ம் சார்" என்றார். "ஒரு தராசு நாலு தடவை குறைச்சுக் காட்டுச்சுன்னா அதை ஷார்ட் டெர்ம்னு விட்டுட முடியுமா தம்பி? நான் பூட்டி சீல் வெச்சுடுவேன்" என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது. சமாதானமாக இன்னொரு டீ போட்டேன். அப்புறம் அவர் ஊர், படிப்பு, அம்மாவின் சர்க்கரை நோய் எல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவது டீக்குத் தண்ணீர் வைக்கும்போது, "சார், நிஜமாவே எனக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் இருக்கு" என்று எழுந்துவிட்டார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். வாசல் வரை போய் யாரையும் வழியனுப்பி நாளாகிவிட்டது.

ஆக, சோதனையின் முடிவு இதுதான். உங்கள் அக்காவைப் போல ஒரு மேனேஜர் கிடைப்பாரென்றால் ஆக்டிவ்தான், வேறு பேச்சே இல்லை. அப்படி ஒருவர் கிடைக்கிறார் என்பதற்கு எந்தக் கம்பெனியும் சான்று தரவில்லை. இண்டெக்ஸில் வேண்டாதது நிறைய வந்து சேருகிறது, ஆனாலும் ஆள் பட்டினி கிடப்பதில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் தராசு முள் நடுவிலேயே நிற்கிறது. என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் சிரமம் பார்க்காமல் இந்த ஞாயிறு வழக்கம்போலப் போன் செய்து முதலிலிருந்து ஒரு தடவை விளக்கினால் நன்றாக இருக்கும். புதிதாகப் பதினான்கு சந்தேகங்கள் எழுதி வைத்திருக்கிறேன். கெடுவை நீட்டிக்கச் சொல்லி மனுப் போடவும் யோசித்திருக்கிறேன். 'முடிச்சுக்குவோம்' என்கிற வார்த்தையை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா இருந்தவரை நாம் இருவரும் பேசியதெல்லாம் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்கிற அளவுதான், உடனே போன் அவள் கைக்குப் போய்விடும். அவள் போன பிறகு இரண்டு வருஷத்தில் நீங்கள் இரண்டே தடவை போன் செய்தீர்கள். இரண்டு தடவையும் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாமல் மழை பெய்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டோம். உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும்தான் எதுவும் தோன்றவில்லை. இந்தப் படிவம் வந்த பிறகுதான் நமக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. அது முடிந்தால் என்ன மிஞ்சும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பைச் சொல்லவும். பெரியவன் பரீட்சையில் தேறவும், சின்னவளின் பல் வலி தீரவும் மனதார வாழ்த்துகிறேன். உங்களுக்கு இன்னும் நீண்ட பொறுமை வாய்க்கட்டும். பெருக்குமாறு நாலு மீதி இருக்கிறது, தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்து பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் கடையும் பெருக்குமாறும் டை கட்டிய தம்பியும் நிஜம். முடிவெடுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். முதல் ஞாயிறு நீங்கள் நாலு நிமிஷம் விளக்கியபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நீங்கள் நல்ல வாத்தியார். மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய், இண்டெக்ஸில் டிக் அடித்துக் கொடுத்து, சீல் போட்ட ரசீதும் வாங்கி வந்துவிட்டேன். பதினோரு மாதமாக அது மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு போனில், "அத்தான், ஏதாவது யோசிச்சீங்களா?" என்று நீங்கள் கேட்டபோது, முடித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் "ரொம்ப நல்லது" என்று வைத்துவிடுவீர்கள் என்று தோன்றியது. இன்னும் யோசிக்கிறேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் உங்களிடம் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. கடைக்குப் போனதெல்லாம் அதற்குத்தான்.

படிவத்துக்காக வெள்ளிக்கிழமை நீங்கள் லீவு போட்டு ஓடி வர வேண்டாம், பணம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் நேரத்தைத்தான் நான் நிறுத்துப் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். ஞாயிறு போன் செய்து திட்டுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிறேன். திட்டி முடித்ததும் வைத்துவிடாதீர்கள் மாப்பிள்ளை. நீங்களும் உங்கள் அக்காவும் போனில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேசுவீர்கள், நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு நேரம் அவள் உங்களிடம் என்னதான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.